குடிக்காதவரின் ஈரல்: ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"ஈரல்ல கொழுப்பெண்டு எழுதிக் கிடக்கு டொக்டர். ஆனா நான் குடிக்கிறேல்லை."

ஷொப்பிங் பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஸ்கான் ரிப்போட்டை மேசையில் வைப்பதற்கு முன்னமே அவர் சொன்ன வசனம் இது. வயது 46. முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல், சொந்தமாக ஒரு உழவு இயந்திரம், மூன்று பிள்ளைகள். தாயாரைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்த இடத்தில் தாதி ஒருவர் சும்மா இவருக்கும் பிறஷர் பார்த்திருக்கிறார். அது கொஞ்சம் கூட. அங்கிருந்து குருதிப் பரிசோதனை, பிறகு வயிற்று ஸ்கான். வருத்தம் என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. வலப்பக்க விலாவுக்குக் கீழே எப்போதாவது ஒரு பாரம் தெரிவதாகச் சொன்னார், அதுவும் நான் துருவிக் கேட்டபிறகு.

நான் கேட்டேன்: "கொஞ்சமும் இல்லையோ? கலியாண வீடு, செத்தவீடு?" இல்லை என்றார். "கள்ளு?" இல்லை என்றார். எழுதிக்கொண்டே மூன்றாம் தரமும் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, அப்பத்தான் வைத்தியம் செய்யலாம்." அவர் பதில் சொல்லவில்லை. பரிசோதனைத் துண்டை வாங்கிக்கொண்டு எழுந்து போனார். அது தை மாதம். அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஒரு மாதமும் வரவில்லை.

அந்த ஐந்து மாதத்துக்கும் பொறுப்பு என்னுடையது. அதைச் சொல்லாமல் இந்த நிகழ்வை எழுதுவது நேர்மையாக இராது.

ஆனி மாதத்தில் கடைசி மகளின் காய்ச்சலுக்கு அவருடைய மனைவி வந்தார். மருந்து எழுதி முடிந்தபிறகும் எழும்பாமல் இருந்தார். "டொக்டர், இவற்றை அப்பா கசிப்புக் குடிச்சு வயிறு ஊதிச் செத்தவர். அதுக்குப் பிறகு இவர் தான்தோன்றீஸ்வரர் வாசலில சத்தியம் பண்ணினவர், ஒரு சொட்டும் வாயில வைக்கிறேல்லை எண்டு. இப்ப ஈரல் வருத்தமெண்டு கேள்விப்பட்டு ஊர்ச்சனம், தேப்பன்ர பிள்ளைதானே, ஒளிச்சுக் குடிக்கிறான் எண்டு கதைக்குது. நீங்களும் அப்படித்தான் கேட்டனீங்களாம்."

அடுத்த நாள் அவரை அழைத்து வரச் சொன்னேன். வந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகுதான் வைத்தியம் தொடங்கியது. இதை எழுத இருவரும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அளவுகள்

உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 82 கிலோ. உடற்திணிவுச் சுட்டி 29. ஆசியர்களுக்கு இந்தச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே ஆபத்துக் கூடுகிறது, 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. ஆனால் இவருடைய விஷயத்தில் நிறையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இடுப்புச் சுற்றளவு: 104 சென்ரிமீற்றர். தெற்காசிய ஆண்களுக்கு 90க்கு மேலே போகக்கூடாது, பெண்களுக்கு 80. கையும் காலும் கமக்காரனின் கைகால்தான், ஒட்டி உலர்ந்தவை. வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கிறது. எங்கள் பக்கத்தில் நாற்பது தாண்டிய ஆண்களில் இந்த உடம்பை நான் தினமும் பார்க்கிறேன். 'நல்லா இருக்கிறான்' என்றுதான் சனம் சொல்லும்.

பிறஷர் 138க்கு 88. வெறுவயிற்றுச் சீனி 118. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.2, அதாவது நீரிழிவின் வாசற்படி. ட்ரைகிளிசரைட் என்ற குருதிக் கொழுப்பு 246, அது கூட. நல்ல கொலஸ்ட்ரோல் 34, அது குறைவு. ஈரல் நொதியங்களில் ஏ.எல்.ரி. 84, ஏ.எஸ்.ரி. 52, இரண்டும் கூட. பழைய ரிப்போட்டுகளில் இவற்றையே எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. என்று எழுதியிருப்பார்கள். பிலிருபின், அல்புமின் சரி. ஈரல் அழற்சி வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. பிளேட்லெட் (குருதித் தட்டுக்கள்) 214 ஆயிரம். ஸ்கானில் 'கொழுப்பு ஈரல், தரம் 2'.

ஏ.எல்.ரி.க்கும் ஏ.எஸ்.ரி.க்கும் உள்ள விகிதத்தைத் தை மாதத்திலேயே நான் நின்று பார்த்திருக்க வேண்டும். மதுவால் ஈரல் பழுதாகும்போது பெரும்பாலும் ஏ.எஸ்.ரி.தான் மேலே நிற்கும், ஏ.எல்.ரி.யைப்போல் இரண்டு மடங்குக்கும் போகும். இவருக்கு மறுவளம். குருதி அவருடைய பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது, நான் கேட்கவில்லை.

ஸ்கானில் வரும் 'தரம் 2' என்ற சொல்லுக்குச் சனம் மிகவும் பயப்படுகிறது. அது ஈரலில் எவ்வளவு கொழுப்புத் தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஈரல் தழும்பேறி இறுகத் தொடங்கிவிட்டதா என்பதை அது சொல்லாது. நோயாளியின் நாட்களைத் தீர்மானிப்பது அந்தத் தழும்புதான். அதை அறிய முதல் படியாக ஒரு எளிய கணக்கு இருக்கிறது, பிப்-4 என்பார்கள். வயதை ஏ.எஸ்.ரி.யால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையையும் (ஆயிரக் கணக்கில், இவருக்கு 214) ஏ.எல்.ரி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் பிரிக்கவேண்டும். 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்கும் சாத்தியம் குறைவு, 2.67க்கு மேலே என்றால் ஈரல் நிபுணரிடம் போயே ஆகவேண்டும். இவருக்கு வந்தது 1.22. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தது இந்த எண்ணை நம்பித்தான்.

ஒரு நாளின் கணக்கு

'என்ன சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டால் எல்லோரும் நல்ல சாப்பாட்டைத்தான் சொல்வார்கள். நான் மனைவியிடம் வேறுமாதிரிக் கேட்டேன்: "அக்கா, வீட்டில ஒரு கிலோ சீனி எத்தனை நாளைக்கு வரும்?"

யோசித்துவிட்டு, "நாலு நாள்" என்றார்.

ஐந்து பேர் இருக்கும் வீட்டில் நாளொன்றுக்கு 250 கிராம். அதில் பெரும்பங்கு யாருக்குப் போகிறது என்று ஒவ்வொரு தேத்தண்ணியாக எண்ணினோம். விடிய எழும்பினவுடன் பால்மாத் தேத்தண்ணி ஒன்று, வயலுக்குப் போகமுதல் இன்னொன்று, பத்து மணிக்கு வயலில், பின்னேரம் வந்து, பொழுதுபட்டபிறகு, இரவுக் காவலுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்கில் இரண்டு. ஏழு தேத்தண்ணி. ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி. மட்டமாக வழித்தாலும் ஒரு கரண்டி 4 கிராம், ஆக 84. இதற்குமேல் உழவுக்குப் போன இடத்தில் வெயிலுக்கு ஒரு சோடா. போத்தலின் பின்பக்கத்தை அவரையே வாசிக்கச் சொன்னேன்: 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தலில் 40. இலங்கையில் 2016இலிருந்து சோடாப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் போட்டுச் சீனியின் அளவைக் காட்டுகிறார்கள். அவர் அந்த வட்டத்தைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறார், கொம்பனியின் அடையாளம் என்று நினைத்திருக்கிறார்.

மொத்தம் 124 கிராம். இப்படிச் சேர்க்கும் சீனி நாளைக்கு 50 கிராமுக்கு உள்ளே நிற்கவேண்டும், 25 என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு.

சீனியில் பாதி குளுக்கோசு, பாதி பிரக்டோசு. குளுக்கோசை உடம்பு முழுவதும் பங்குபோட்டு எரிக்கும். பிரக்டோசின் பெரும்பகுதி ஈரலின் தலையில்தான் விழுகிறது. தேவைக்கு மேலே வந்ததை ஈரல் கொழுப்பாக மாற்றித் தன் கலங்களுக்குள்ளேயே அடுக்கத் தொடங்கும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பும் கரைந்து நேராக ஈரலுக்குத்தான் வந்து சேர்கிறது. ஈரற் கலங்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு ஏறினாலே அது கொழுப்பு ஈரல். சாராயம் ஒரு வழி, சீனியும் வயிறும் இன்னொரு வழி. இரண்டும் போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான்: கொழுப்பு, அழற்சி, தழும்பு, கடைசியில் ஈரல் முழுதும் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ். இந்த இரண்டாம் வழிக்கு 2023இல் வைத்திய உலகம் பெயரையே மாற்றியது. 'மதுசாராத' என்று மதுவை முன்னுக்கு வைத்துச் சொல்வதை விட்டு, 'அனுசேபக் கோளாற்றோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் நோய்' என்று வைத்தார்கள். பெயர் நீளம்தான். ஆனாலும் பழைய பெயர் நோயாளிகளின் மேல் ஒரு பழியை வைத்துக்கொண்டிருந்தது என்பது இந்த மனிதரைப் பார்த்தபிறகு எனக்குப் புரிந்தது. ராகமையில் 35 முதல் 64 வயது வரையானோரை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வில் ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருக்கு இந்த ஈரல் இருந்தது. அது கொழும்பை அண்டிய நகரப்பக்கம். எங்கள் வயற்கரைக்கும் இது வந்துவிட்டது.

எப்படி வந்தது என்பதற்கு அவருடைய நாளே விடை. தகப்பன் காலத்தில் மண்வெட்டியால் வரம்பு கட்டி, கையால் அரிவு வெட்டி, சூடடித்து, மூட்டை சுமந்த வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. இவர் உழவு இயந்திரத்தின் சீற்றில் இருக்கிறார். கடைக்கு மோட்டச்சைக்கிள். ஆனால் சோற்றுக் கோப்பையின் அளவு தகப்பன் காலத்து அளவுதான். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. காலபோகக் கதிர் முற்றும் நாட்களில் அதற்குப் பிறகு யானைக் காவல். கொட்டிலில் டோர்ச்சும் யானை வெடியும் பிளாஸ்குமாக விடியும்வரை இருந்துவிட்டு, காலையில் மூன்று மணிநேரம் நித்திரை.

சோற்றுக் கோப்பையைப் பற்றிக் கதைத்தபோது மனைவி சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. "2009இல மாத்தளனிலயும் முள்ளிவாய்க்காலிலயும் கஞ்சிக்கு வரிசையில நிண்டனாங்கள் டொக்டர். மூத்தவன் அப்ப கைக்குழந்தை. சீனியைக் கண்ணாலும் காணேல்லை. இப்ப கோப்பை நிறையப் போட்டுக் குடுக்காட்டி எனக்கு மனம் கேக்காது." அந்தக் கையைப் பார்த்து 'சோற்றைக் குறையுங்கோ' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட என்னால் முடியவில்லை. பசி கண்ட சனத்திடம் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கும்போது வார்த்தையைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

செங்கமாரிச் சந்தேகம்

அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோது, 2009 நடுப்பகுதியில், அவருக்குச் செங்கமாரி வந்தது. கண் மஞ்சளாகி மூன்று கிழமை படுத்திருந்தார். "அது உள்ளுக்குக் கிடந்துதான் இப்ப வந்திருக்கோ?"

அந்த முகாம்களில் அப்போது பரவியது ஹெபடைடிஸ் ஏ. நெருக்கமும் கழிவறைகளும் குடிதண்ணீரும் இருந்த நிலையில் அது பரவாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் அந்த வைரஸ் ஆட்டிப்படைத்துவிட்டு முழுதாகப் போய்விடும், ஈரலுக்குள் குடியிருக்காது, ஒருதரம் வந்தால் திரும்ப வராது. குடியிருப்பவை பி-யும் சி-யும். அவை குருதியாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருபவை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இலங்கையில் குழந்தைகளின் அட்டவணைக்குள் வந்தது 2003இல்தான். அதற்கு முன் பிறந்த வளர்ந்தவர்கள் ஈரல் வருத்தம் என்று வந்தால் அந்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது என்று நான் நினைக்கிறேன்.

இதை விளங்கப்படுத்தியதும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பதினைந்து வருடத்துக்குக் கிட்ட அந்த முகாமை ஈரலுக்குள் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

செய்தது

மருந்து கொடுக்கவில்லை. கொழுப்பு ஈரலுக்கென்று ஒரு மருந்துக்கு அமெரிக்கா முதன்முதலில் அனுமதி கொடுத்தது 2024இல். அதுவும் தழும்பு குறிப்பிட்ட அளவுக்கு ஏறியவர்களுக்கு. இவருக்கு அது தேவைப்படவில்லை. நிறையில் நூற்றுக்கு 5 குறைந்தால் ஈரற்கொழுப்பு இறங்கத் தொடங்கும், 7 முதல் 10 வரை குறைந்தால் அழற்சியும் ஆறும், 10க்கு மேல் போனால் தழும்புகூட இளகலாம். இவருடைய 82 கிலோவில் நூற்றுக்கு 7 முதல் 10 என்றால் 6 தொடக்கம் 8 கிலோ. கிழமைக்கு அரைக் கிலோ போதும், ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றேன். பட்டினி கிடந்து சடாரென்று இறக்கினால் ஈரலுக்கும் கெடுதி, பித்தப்பையில் கல்லும் வரும்.

சீனியில்தான் தொடங்கினோம். சோடாவை அன்றே நிறுத்தினார். அதில் அவர் ஒரு பேச்சும் பேசவில்லை. தேத்தண்ணிதான் பாடாக இருந்தது. 'சீனியில்லாமல் குடியுங்கோ' என்றால் இரண்டு நாள் குடித்துவிட்டு மூன்றாம் நாள் விட்டுவிடுவார் என்று தெரியும். மனைவிதான் வழி சொன்னார்: "அம்மம்மா ஆக்கள் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிறவை." சரி, அதையே செய்வோம் என்றோம். ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் புளியங்கொட்டை அளவு பனங்கட்டி ஒன்று. பனங்கட்டியும் சீனிதான், ஈரல் அதைப் பனை என்று பார்த்து விட்டுவிடாது. இதைப் பலமுறை சொன்னேன், ஏனென்றால் பனங்கட்டி, தேன், சக்கரை என்றால் எவ்வளவும் தின்னலாம் என்ற எண்ணம் எங்கும் இருக்கிறது. இங்கே நன்மை செய்தது அளவு. கரண்டியால் அள்ளும்போது தெரியாத கணக்கு, கையால் உடைத்து எண்ணும்போது தெரிந்தது. மிச்ச நேரத்துக்கு மோர், தண்ணீர், காலையில் மல்லி போட்டு இடித்த வீட்டுக் கோப்பி சீனியில்லாமல். கோப்பி குடிப்பவர்களின் ஈரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆகவே அதைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை.

நெல் விதைக்கிறவரிடம் சோற்றை விடச் சொல்லவில்லை. கோப்பையைத்தான் மாற்றினோம். முதலில் முருங்கையிலை வறையோ பொன்னாங்காணியோ வல்லாரைச் சம்பலோ, கத்தரியோ வெண்டியோ, கோப்பையில் பாதிக்கு. கால்வாசிக்குப் பருப்பும் மீனும். முத்தையன்கட்டில் பிடிபடும் யப்பான் மீன் (திலாப்பியா) மலிவு, பொரிக்காமல் குழம்பாக வைத்தால் நல்ல புரதம். மிச்சக் கால்வாசி, சொந்த வயலின் சிவப்புப் புழுங்கல் அரிசிச் சோறு. இந்த வரிசையில் போட்டால் கோப்பை நிறைந்துதான் இருக்கும், மனைவியின் மனமும் கேட்கும். இராச்சாப்பாட்டை ஏழரைக்கு முன்னே கொண்டுவந்தார்கள். கிழமையில் மூன்று நாள் குரக்கன் புட்டு, அதுவும் ஒரு நீத்துப்பெட்டி, இரண்டில்லை.

நடை குளக்கட்டில். பின்னேரம் நாற்பது நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், கதைக்கலாம் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். முதல் மாதம் வெட்கப்பட்டார், 'வேலையில்லாமல் நடக்கிறான்' என்று சனம் சொல்லுமாம். கையில் மண்வெட்டியைக் கொண்டு போகச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. இயந்திரத்துக்கு விட்டிருந்த வரம்பு வேலையையும் தானே செய்யத் தொடங்கினார். நிறை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி தனியாகவே ஈரற்கொழுப்பைக் குறைக்கும் என்பதால் இந்தப் பகுதியில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நாரிநோவுக்கு இரவில் இரண்டு பனடோல் (பரசிற்றமோல்) போடும் பழக்கம் இருந்தது. அளவுக்குள்தான். ஆனாலும் 24 மணிநேரத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டைத் தாண்டக்கூடாது என்பதையும், தடிமன் குளிசைகளுக்குள்ளும் அதே மருந்து ஒளிந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். மச்சாளின் வீட்டுக் கொண்டாட்டத்தில் 'ஒரு பியர்தானே' என்று யாரும் வற்புறுத்தினால் என்ன சொல்வது என்று கேட்டார். டொக்டர் வேண்டாமெண்டவர் என்று சொல்லுங்கோ, என்னில் பழி போடுங்கோ என்றேன்.

புரட்டாதி: ஏறிய எண்

மூன்று மாதத்தில் நிறை 79. இடுப்பு 100. இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். குருதி ரிப்போட்டைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏ.எல்.ரி. 84இலிருந்து 112.

நிறை இறங்க, ஈரல் நொதியம் ஏறுகிறது. இரண்டும் ஒத்துவரவில்லை. தை மாதத்து நானாக இருந்திருந்தால் 'குடிக்கிறீர்களோ' என்று கேட்டிருப்பேன். இந்தமுறை மனைவியின் பக்கம் திரும்பி, வீட்டில் வேறு ஏதாவது, கசாயம், தூள், வெளிநாட்டுக் குளிசை, ஏதாவது எடுக்கிறாரா என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அடுத்த நாள் அந்தப் போத்தல் மேசைக்கு வந்தது. தெரிந்த ஒருவர் நல்ல மனத்தோடு தருவித்துக் கொடுத்த 'ஈரலைச் சுத்தம் செய்யும்' தூள். மூடியைத் திறந்தபோது கடுக்காய்போல ஒரு துவர் மணம். லேபலில் ஒரு ஈரல் படமும் இலையும் இருந்தன, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்ற விபரம் இல்லை. விடியற்காலை வெறுவயிற்றில் ஒரு மேசைக்கரண்டி, ஏழு கிழமையாக. 'இங்கிலீசு மருந்து இல்லைத்தானே, இயற்கைதானே' என்று எனக்குச் சொல்லவில்லை.

வீட்டு முற்றத்துக் கீழ்க்காய்நெல்லிக்கும், யாரோ எங்கோ அரைத்துப் போத்தலில் அடைத்த பெயர் தெரியாத கலவைக்கும் வித்தியாசம் இருக்கிறது. பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர் ஆளைப் பார்த்துக் கொடுப்பதும் வேறு. நான் அவற்றோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் வாயால் போவதில் பெரும்பகுதி ஈரலைத் தாண்டித்தான் உடம்புக்குள் போகிறது, மூலிகைக் கலவைகளால் ஈரல் பழுதானவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஈரலைச் சுத்தம் செய்யத் தூள் தேவையில்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பு இரவுபகலாகச் செய்துகொண்டிருப்பதே அந்தச் சுத்திகரிப்புத்தான்.

தூளை நிறுத்தினோம். பிலிருபினும், குருதி உறையும் நேரமும் சரியாக இருந்ததால் வீட்டில் வைத்தே பார்த்தோம். கண் மஞ்சளானால், சிறுநீர் தேத்தண்ணிச் சாயம்போல் இருண்டால், அரிப்பு வந்தால், நடுச்சாமம் என்றாலும் உடனே வரச் சொன்னேன். ஆறு கிழமையில், கார்த்திகை மழைக்குள் நனைந்து வந்து கொடுத்த குருதியில் ஏ.எல்.ரி. 58. வேறு எதையும் மாற்றவில்லை, தூளை மட்டும்தான் விட்டோம்.

மாசி மாதக் காவல்

தையும் மாசியும் திரும்ப யானைக் காவல். பிளாஸ்க் திரும்ப வந்தது, நித்திரை போனது, நடை நின்றது. நிறை 77.6இலிருந்து 78.4. அவர் குற்றவாளிபோல வந்து நின்றார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மூன்று மாத உழைப்பு கதிராக நிற்கும்போது யானை வந்து ஒரு இரவில் மிதித்துவிட்டுப் போகும் இடத்தில், ஈரலுக்காகப் போய்ப் படுங்கோ என்று யார் சொல்வது. இரண்டு மாற்றம் மட்டும் செய்தோம். பிளாஸ்கில் சீனி போடாத இஞ்சித் தண்ணீர், பிஸ்கற் பக்கற்றுக்குப் பதில் அவித்த கச்சான் (நிலக்கடலை). பக்கத்து வயற்காரரோடு முறை வைத்து ஒன்றுவிட்ட ஒரு இரவு காவல். இரண்டாவது என் யோசனை அல்ல, அவர்களுடையது, அதுதான் கூடுதலாகப் பலன் தந்தது.

கச்சானைப் பற்றி ஒரு வார்த்தை, அது எங்கள் மண்ணில் விளைவதால். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த, பச்சையோ கறுப்போ படிந்த, கசக்கும் கச்சானை வறுத்தாலும் அவித்தாலும் சரிவராது. அந்தப் பூஞ்சணம் விடும் அப்ளாடொக்சின் என்ற நஞ்சு ஈரற் புற்றுநோய்க்குக் காரணமாகும். நல்லதை விற்றுவிட்டு, பழுதானதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைக் குப்பையில் போடுங்கள்.

ஒரு வருடம்

அடுத்த ஆனியில் நிறை 75.2, தொடங்கியதிலிருந்து 6.8 கிலோ, நூற்றுக்கு 8க்குச் சற்று மேல். இடுப்பு 95, இன்னும் 5 சென்ரிமீற்றர் கிடக்கிறது. ஏ.எல்.ரி. 33, ஏ.எஸ்.ரி. 27, பிளேட்லெட் 221. பிப்-4 கணக்கு 1.0. வெறுவயிற்றுச் சீனி 101, எச்.பி.ஏ.1.சி. 5.8, ட்ரைகிளிசரைட் 158. ஸ்கானில் தரம் 1. பிறஷர் 126க்கு 80, குளிசை இல்லாமல்.

வீட்டுச் சீனி இப்போது ஒரு கிலோ பதினொரு நாளைக்கு வருகிறதாம். அதை அவர் சொன்ன விதத்தில், ஏ.எல்.ரி. இறங்கியதைவிட அதில்தான் பெருமை இருந்தது. சித்திரையில் தமையனையும் பரிசோதிக்கக் கொண்டுவந்தார். தமையன் குடிக்கிறவர், ஆகவே அது வேறு கதை, வேறு வைத்தியம்.

கிளினிக் கொப்பியில் ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் திகதியை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி மேசையில் கிடந்த டேப்பை எடுத்தார். சேலைக்கு மேலாகத் தன் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, எண்ணை வாசிக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினார். 91.

"பொம்பிளையளுக்கு எவ்வளவு டொக்டர் இருக்கவேணும்?"

இன்னொரு கொப்பி எடுத்து அவருடைய பெயரை எழுதினேன்.